நட்டு முடுக்கியவர்கள்: கிள்ளான் பள்ளத்தாக்கு ரயில்வேயின் ஒரு தொழில் வரலாறு

அடித்தும் அதிர்ந்தும் ஓடுகிற எந்த இயந்திரத்திலும் இறுக்கிப் பூட்டிய உறுப்பு ஒருநாள் தளரும். தையல் மெஷினின் ஊசித் திருகானாலும், ரயில் எஞ்சினின் போல்ட்டானாலும் காரணம் ஒன்றுதான். முடுக்கிய போல்ட்டு இம்மியளவு நீண்டு, இழுவிசையோடு நிற்கிறது. அந்த இழுவிசை மரைகளை ஒன்றோடொன்று அழுத்திப் பிடிக்கிறது. அழுத்தத்தால் பிறக்கும் உராய்வு நட்டைத் திரும்பவிடாமல் வைத்திருக்கிறது. போல்ட்டுக்குக் குறுக்காக அதிர்வு வரும்போது உராய்வு கணநேரம் விட்டுப்போகிறது. அந்தக் கணங்களில் நட்டு சிறிது சிறிதாகப் பின்வாங்கிக் கழல்கிறது. ஜெர்மானியப் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் 1969இல் இதைச் சோதனை வழியே விளக்கினார். கிள்ளான் பள்ளத்தாக்கில் அதற்கு எண்பது ஆண்டுகளுக்கு முன்பிருந்தே இந்தத் தளர்வைக் காதாலும் கையாலும் கண்டுபிடித்துச் சரிசெய்வதைப் பிழைப்பாகக் கொண்டவர்கள் இருந்தார்கள். அவர்களில் மிகப் பலர் தமிழர்கள்.

மலாயாவின் முதல் ரயில் பாதை பேராக்கில் தைப்பிங் ஊரையும் போர்ட் வெல்ட் துறைமுகத்தையும் இணைத்து 1885 ஜூன் 1ஆம் நாள் திறக்கப்பட்டது. அதை அமைக்க இலங்கையிலிருந்து பயனியர் படைப் பிரிவுகள் வரவழைக்கப்பட்டன; அந்தப் படையில் தமிழர்களே நிறைந்திருந்தார்கள். சிலாங்கூரின் பாதை அடுத்த ஆண்டு செப்டம்பரில் கோலாலம்பூருக்கும் கிள்ளான் அருகிலுள்ள புக்கிட் கூடாவுக்கும் இடையே ஓடத் தொடங்கியது. நீளம் ஏறத்தாழ 31 கிலோமீட்டர். தண்டவாளங்களுக்கு இடையே ஒரு மீட்டர் அகலம். கிள்ளான் ஆற்றின்மேல் பாலம் கட்டி 1890இல் பாதை கிள்ளான் நகருக்குள் போனது. பின்னர் போர்ட் ஸ்வெட்டன்ஹாம், அதாவது இன்றைய போர்ட் கிள்ளான், வரை எட்டியது; அந்தத் துறைமுகம் 1901இல் திறக்கப்பட்டது.

ரயில் வருவதற்கு முன்பு கோலாலம்பூருக்கு வரவேண்டிய சரக்கு படகில் ஆறேறி டாமன்சாரா வரை வந்து, அங்கிருந்து மாட்டு வண்டியில் ஏறும். கோலாலம்பூரின் மஸ்ஜித் இந்தியா பகுதிக்குப் பெயர் தந்த பள்ளிவாசலின் முதல் மரக் கட்டடம் 1863இல் எழுந்தது. ரயில் வருவதற்கு 23 ஆண்டுகள் முன்பே இந்திய முஸ்லிம் வணிகர்கள் அங்கே நிலைத்துவிட்டார்கள் என்பதற்கு அதுவே சான்று. பாதை போட்ட பிறகு, கப்பலில் வந்திறங்கிய துணியும் மளிகையும் பத்து ரோட்டுக் கடைகளுக்குப் போகும் வழியில் தண்டவாளத்தின் ஆயிரக்கணக்கான இணைப்புகளைத் தாண்டி வந்தன. ஒவ்வோர் இணைப்பும் நான்கு போல்ட்டுகளை நம்பி நின்றது.

இணைப்பு அமைந்த விதம் இது. இரண்டு தண்டவாளங்களின் முனைகளை அருகருகே வைத்து, இருபுறமும் ஃபிஷ்பிளேட் எனும் இரும்புத் தகடுகளை அணைத்துப் போல்ட்டு முடுக்குவார்கள். முனைகளுக்கு நடுவே சிறு இடைவெளி விடவேண்டும். வெயிலில் தண்டவாளம் நீளும்போது அந்த இடைவெளி மூடிக்கொள்ளும். ஆகவே இங்கே முடுக்குவதில் ஒரு நுணுக்கம் உண்டு. தளர்வாக விட்டால் சக்கரம் ஏறும்போதெல்லாம் முனைகள் அடிபட்டுத் தட்டையாகும். மிகவும் இறுக்கினாலோ தண்டவாளம் நழுவ இடமில்லாமல் வெயிலில் பாதையே வளைந்து பிதுங்கும். குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை தகடுகளைக் கழற்றி, துருவைச் சுரண்டி, எண்ணெய் பூசி, மறுபடி அளவாக முடுக்குவது பாதைக் கூட்டத்தாரின் கடமை. எவ்வளவு என்பது ஸ்பேனரின் நீளத்திலும் கையின் பழக்கத்திலும் அடங்கியிருந்தது.

தண்டவாளத்தைச் சிலிப்பர் கட்டையோடு பிணைத்தது நாய்த்தலை போன்ற கொண்டையுள்ள ஆணி. மலாயாவின் செங்கால் போன்ற வன்மரங்கள் இதற்கு வாய்த்தது நல்வாய்ப்பு. மழையும் கறையானும் மற்ற மரங்களை விரைவில் தின்றுவிடும். வன்மரத்திலும் ஆணி அசைந்து மேலெழும். வண்டி நெருங்கும்போது, சக்கரத்துக்குச் சற்று முன்னால் தண்டவாளம் மெல்ல எழும்பி, பிறகு சக்கரத்தின் கீழே அமிழ்கிறது. இந்த அலை ஒவ்வொரு முறையும் ஆணியை மேலே இழுக்கிறது. எழும்பிய ஆணியைச் சம்மட்டியால் அப்படியே அடித்து இறக்கினால் ஒரு வாரம் தாங்கும். துளை பெரிதாகிவிட்டதால் மறுபடி எழும். சரியான முறை ஆணியைப் பிடுங்கி, துளைக்குள் மரமுளை அடித்து, அதன்மேல் புதிதாக ஆணி இறக்குவது. இதைச் சோம்பாமல் செய்த கூட்டத்தின் பகுதியில் வண்டி ஆடாமல் போகும் என்பது எஞ்சின் ஓட்டுநருக்குத் தெரியும்.

பாதை பல மைல் நீளமுள்ள பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு கூட்டம் இருந்தது. கூட்டத்தின் தலைவர் மண்டோர். பல கூட்டங்களுக்கு மேலே பெர்மனென்ட் வே இன்ஸ்பெக்டர், அதாவது பாதை ஆய்வாளர். காலையில் முதல் வண்டிக்கு முன்பே ஒருவர் ஸ்பேனரும் சம்மட்டியும் சிவப்புக் கொடியும் எடுத்துக்கொண்டு தம் பகுதி முழுவதையும் நடந்து பார்ப்பார். தோட்டங்களைப் போலவே ரயில்வேயும் தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளரை நம்பியிருந்தது. 1907இல் சட்டமான தமிழர் குடியேற்ற நிதிக்கு முதலாளிகள் பணம் கட்ட, ஆட்கள் கப்பலேறினார்கள். 1938இல் இந்திய அரசு உதவிபெற்ற குடியேற்றத்தைத் தடைசெய்யும்வரை அந்த வரத்து நீடித்தது. பாதையோரத்து லயங்களில் அவர்கள் குடும்பத்தோடு வசித்தார்கள். ஆவணங்களில் ஸ்பென்ஸ் மோஸ், ஸ்பூனர் போன்ற பொறியாளர்கள், நிர்வாகிகளின் பெயர்கள் இருக்கின்றன. பாதையை நாள்தோறும் நடந்து பார்த்தவரின் பெயரை வரலாற்று நூல்கள் எடுத்துவைக்கவில்லை. மலாயா ரயில்வேயின் கதையைச் சொல்கிறவர்கள் நிலையக் கட்டடங்களின் கவிமாடங்களைப் பற்றி எழுதியதில் பத்தில் ஒரு பங்கைக்கூட அவரைப் பற்றி எழுதாதது பெரிய குறை.

1901இல் மாநில ரயில்வேக்கள் ஒன்றிணைந்து ஐக்கிய மலாய் மாநிலங்களின் ரயில்வே உருவானது. எஞ்சின்களும் பெட்டிகளும் பெருகியபோது பழுதுபார்க்கப் பெரிய இடம் தேவைப்பட்டது. கோலாலம்பூருக்கு வடக்கே செந்தூலில் 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் எழுந்த மத்தியப் பட்டறை அந்தத் தேவையை நிறைவேற்றியது. வார்ப்படச்சாலை, கொல்லுப்பட்டறை, கொதிகலன் பிரிவு, கடைசல் பிரிவு, மரவேலைப் பிரிவு என்று ஊர் அளவுக்கு விரிந்த இடம் அது. ஃபிட்டர், டர்னர், கொதிகலன் வேலைக்காரர் என்று தொழில்கள் தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்கின. செந்தூலைச் சுற்றித் தமிழர் குடியிருப்பும் கோயில்களும் பள்ளிகளும் வளர்ந்ததற்கு இந்தப் பட்டறையே வேர்.

பட்டறையில் தளர்வைத் தேடும் முதல் கருவி நீண்ட பிடியுள்ள சுத்தியல். நிற்கும் வண்டியின் சக்கரங்களை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே ஒருவர் நடப்பார். நல்ல சக்கரம் கணீரென்று ஒலிக்கும். விரிசல் விழுந்ததோ பட்டை தளர்ந்ததோ மந்தமாக ஒலிக்கும். அக்காலச் சக்கரம் ஒரே வார்ப்பில் ஆனதன்று. நடுச்சக்கரத்தின்மேல் தனியாக ஓர் உருக்குப் பட்டை ஏற்றப்பட்டிருக்கும். பட்டையின் உள்விட்டத்தை நடுச்சக்கரத்தின் விட்டத்தைவிட ஆயிரத்தில் ஒரு பங்கு அளவு சிறிதாகக் கடைவார்கள்; ஒரு மீட்டர் சக்கரத்துக்கு ஒரு மில்லிமீட்டர். பட்டையைச் சுற்றித் தீ மூட்டிச் சூடேற்றினால் அது விரியும். விரிந்த நிலையில் நடுச்சக்கரத்தை உள்ளே இறக்கி ஆறவிட்டால், சுருங்கிக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். ஆணியோ போல்ட்டோ இல்லாமல் சுருக்கம் ஒன்றாலேயே பல டன் பாரத்தைத் தாங்கும் இந்த முறை மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போட்ட கொல்லருக்குப் புதிதல்ல. ஊரில் பார்த்த வேலையை இங்கே மில்லிமீட்டர் கணக்கில் செய்யவேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

பட்டை தளர்வதற்கு முக்கியக் காரணம் பிரேக். இறக்கத்தில் நெடுநேரம் பிரேக் கட்டை உரசினால் பட்டை மட்டும் சூடாகி விரிந்து, பிடி விட்டுப்போகும். இதைக் கண்ணாலும் கண்டுபிடிக்க ஒரு வழி இருந்தது. பட்டைக்கும் நடுச்சக்கரத்துக்கும் குறுக்காக வெள்ளைக் கோடு ஒன்று தீட்டிவைப்பார்கள். கோடு இரண்டாக விலகியிருந்தால் பட்டை நழுவிவிட்டது என்று பொருள்; அந்தச் சக்கரம் அதற்குமேல் ஓடக்கூடாது.

எஞ்சினின் இயங்கும் பாகங்களில் வேறு வகைத் தளர்வு. பிஸ்டனிலிருந்து சக்கரத்துக்குச் செல்லும் தண்டின் முனையில் பித்தளைத் தாங்கி தேய்ந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தட்டல் கேட்கும். ஓட்டுநர் அதைக் குறித்துக்கொடுப்பார். ஃபிட்டர் ஆப்பை இறக்கியோ தாங்கியைச் சுரண்டிப் பொருத்தியோ இடைவெளியை நீக்குவார். நட்டுகளைக் காக்க இரண்டு வழிகள் பரவலாக இருந்தன. ஒன்று, நட்டின் காடி வழியே போல்ட்டின் துளைக்குள் பிளவு ஊசியைச் செருகி முனைகளை விரித்து மடக்குவது. ஒருமுறை கழற்றிய ஊசியை மறுபடி போடக்கூடாது என்பது கண்டிப்பான விதி. மடங்கி நிமிர்ந்த உருக்கு முறியும். இன்னொன்று, இரண்டு நட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக முடுக்குவது. இதில் மெல்லிய நட்டு உள்ளேயும் தடித்த நட்டு வெளியேயும் வரவேண்டும், ஏனென்றால் முடுக்கி முடித்தபின் பாரம் வெளி நட்டின்மேல் வந்து நிற்கிறது. பார்வைக்கு மாறாகத் தோன்றும் இந்த ஒழுங்கைப் புதிதாக வந்தவர்கள் தலைகீழாகச் செய்வது உலகெங்கும் பட்டறைகளில் காணும் பிழை.

கொதிகலனில் தளர்வு நீராவிக் கசிவாக வெளிப்படும். நெருப்புப் பெட்டியிலிருந்து புகை செல்லும் குழாய்கள் தகட்டுத் துளைகளில் விரித்து இறுக்கப்பட்டவை. சூடும் குளிர்ச்சியும் மாறிமாறி வர அவை தளரும். உருளைகள் பொருத்திய விரிப்புக் கருவியைக் குழாய்க்குள் நுழைத்துத் திருகி, சுவரை மீண்டும் தகட்டோடு அழுத்துவார்கள். கொதிகலன் முழுதும் ஆறாத நிலையில் நெருப்புப் பெட்டிக்குள் ஊர்ந்து இதைச் செய்வது செந்தூலின் மிகக் கடுமையான வேலைகளில் ஒன்று.

பட்டறையின் நட்டுகளும் போல்ட்டுகளும் விட்வொர்த் அளவில் இருந்தன. ஜோசப் விட்வொர்த் 1841இல் முன்வைத்த இந்த அளவில் மரையின் கோணம் 55 பாகை. ஸ்பேனரின்மேல் பொறித்த எண் அதன் வாய் அகலத்தைக் குறிக்காது, போல்ட்டின் விட்டத்தைக் குறிக்கும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்க ராணுவத்துக்காகச் செய்யப்பட்ட மெக்கார்தர் வகை எஞ்சின்கள் மலாயாவுக்கு வந்தபோது அவற்றின் மரைகள் 60 பாகைக் கோணத்தில் இருந்தன. அரை அங்குல அளவைத் தவிரப் பெரும்பாலான பொது அளவுகளில் அங்குலத்துக்கு எத்தனை மரை என்பது இரண்டிலும் ஒன்றே. அதனால் ஒன்றின் நட்டு மற்றதன் போல்ட்டில் ஏறிக்கொள்ளும். ஆனால் மரைகள் முழுப் பரப்பிலும் படியாமல் விளிம்பில் மட்டும் தொடும். அப்படி முடுக்கியது சீக்கிரம் தளரும். ஏறவே மறுக்கும் நட்டைவிட, ஏறிவிட்டு ஏமாற்றும் நட்டு ஆபத்தானது.

ரயில்வேக்காரர்கள் எல்லோரும் ஒரே இடத்திலோ ஒரே நிலையிலோ இல்லை. நிலைய அதிபர், கிராணி, கணக்கர் பதவிகளில் ஆங்கிலம் படித்த யாழ்ப்பாணத் தமிழர் நிறைந்திருந்தார்கள். கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸில் அவர்கள் குடியேறினார்கள். அங்குள்ள கந்தசுவாமி கோயிலும் 1904இல் தொடங்கிய விவேகானந்த ஆசிரமமும் அந்தக் குடியேற்றத்தின் தடங்கள். அரசு ஊழியருக்காக அங்கே கட்டப்பட்ட நூறு வீடுகள் அப்பெயராலேயே நெடுங்காலம் அழைக்கப்பட்டன. சுத்தியலும் ஸ்பேனரும் பிடித்தவர்களோ செந்தூலிலும் பாதையோர லயங்களிலும் வாழ்ந்தார்கள். ஒரே ரயில்வே, ஒரே மொழி. சம்பளத்திலும் மதிப்பிலும் பெரிய இடைவெளி.

1942 ஜனவரி 11ஆம் நாள் ஜப்பானியப் படை கோலாலம்பூருக்குள் நுழைந்தது. அடுத்து நடந்தவை இந்தத் தொழிலின் மிக இருண்ட பகுதி. சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் பாதை போட ஜப்பானியர் முனைந்தபோது, தண்டவாளத்துக்கு மலாயாவின் கிழக்குக் கரைப் பாதையும் தம்பின்–மலாக்கா கிளைப் பாதையும் பெயர்த்தெடுக்கப்பட்டன. ஐம்பது ஆண்டுகளாக ஆணியை இறக்கிய கைகள் இப்போது அதே ஆணியைப் பிடுங்கும்படி ஆனது. தண்டவாளத்தோடு மனிதர்களையும் கொண்டுபோனார்கள். போருக்குப் பிந்தைய கணக்கில், மலாயாவிலிருந்து அந்தப் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டவர்கள் ஏறத்தாழ 78,000 பேர். அவர்களில் பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். சுமார் 30,000 பேர் காலராவுக்கும் பட்டினிக்கும் அடிக்கும் பலியானதாக அதே கணக்கு சொல்கிறது. உண்மைத் தொகை இதைவிடக் கூடுதல் என்று பலர் கருதுகிறார்கள். 1943 அக்டோபரில் பாதை முடிந்தது. காட்டில் வெட்டிய ஈரம் காயாத மரத்தில் அடித்த ஆணிகள் நிலைக்கவில்லை. பாதையைக் காக்கும் வேலைக்கும் அதே மனிதர்களையே பிடித்து வைத்தார்கள்.

செந்தூல் பட்டறையை வேறொரு அழிவு தேடிவந்தது. 1945 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் இந்தியாவிலிருந்து புறப்பட்ட அமெரிக்க பி-29 விமானங்கள் கோலாலம்பூரின் ரயில் பட்டறையையும் பெட்டி பிரிக்கும் யார்டையும் குண்டுவீசித் தாக்கின. ஜப்பானியருக்கு உதவும் எஞ்சின்களை நிறுத்துவது நோக்கம். கூரைகளும் இயந்திரங்களும் நொறுங்கின. போர் முடிந்தபின் சிதைவுகளிலிருந்து பயன்படும் உறுப்புகளைப் பொறுக்கி, இரண்டு உடைந்த எஞ்சின்களிலிருந்து ஓடும் ஒன்றை உருவாக்கும் வேலை தொடங்கியது. பெயர்க்கப்பட்ட கிழக்குக் கரைப் பாதை முழுவதும் மீண்டும் இணைய 1953 ஆகிவிட்டது.

அதற்குள் 1948இல் அவசரநிலை வந்தது. இப்போது தளர்வு இயற்கையாக மட்டும் வரவில்லை. காட்டுக்குள்ளிருந்த கம்யூனிஸ்ட் கொரில்லாக்கள் இரவில் ஃபிஷ்பிளேட்டுகளைக் கழற்றியும் தண்டவாளத்தை நகர்த்தியும் வண்டிகளைக் கவிழ்த்தார்கள். நான்கு போல்ட்டுகளைக் கழற்ற ஒரு ஸ்பேனரும் சில நிமிடங்களும் போதும். காலையில் பாதையை நடந்து பார்ப்பவரின் வேலை போர்முனை வேலையாக மாறியது. எந்த இணைப்பிலும் கண்ணியோ துப்பாக்கியோ காத்திருக்கலாம். வண்டிக்கு முன்னால் துப்பாக்கிக் கோபுரம் பொருத்திய விக்கம் கவச டிராலிகள் ஓடின. பல பகுதிகளில் இரவு வண்டிகள் நிறுத்தப்பட்டன. கவச டிராலிகளின் படங்கள் நூல்களில் இடம்பெற்றுவிட்டன. அவை கண்டுபிடித்த உடைப்பில் அதே காலையில் குனிந்து புதுப் போல்ட்டு முடுக்கியவர்கள் படத்துக்கு வெளியே நின்றார்கள்.

இவர்களில் பெரும்பகுதியினர் நாட்கூலிகளாகவே இருந்தார்கள். பத்து, இருபது ஆண்டு வேலை பார்த்தபின்னும் மழையோ நோயோ வந்தால் அன்றைய கூலி இல்லை. நாட்கூலியை மாதச் சம்பளமாக மாற்றவேண்டும் என்று மலாயா ரயில்வே ஊழியர் சங்கம் 1962 டிசம்பரில் வேலைநிறுத்தம் தொடங்கியது. அது 1963 ஜனவரி வரை மூன்று வாரங்களுக்கு மேல் நீடித்து, நாட்டின் ரயில் போக்குவரத்தை அநேகமாக நிறுத்திவைத்தது. பாதையும் பட்டறையும் தினமும் கவனிப்பைக் கேட்பவை என்பதை அறிந்தவர்களுக்கு அந்தக் கோரிக்கையின் நியாயம் விளங்கியிருக்கும்: ஆண்டு முழுவதும் இன்றியமையாத வேலையை, நாளைக்கு வேண்டாம் என்று சொல்லக்கூடிய வேலையாகக் கணக்கெழுதி வைத்திருந்தார்கள்.

எஞ்சின்கள் மாறிய வேகத்தில் தொழிலும் மாறியது. 1957இல் இங்கிலீஷ் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் 26 டீசல் எஞ்சின்கள் வந்தன. 1970களில் நீராவி எஞ்சின்கள் பாதையிலிருந்து விலகின. கொதிகலன் குழாய் விரிக்கும் கருவிக்கு வேலை போனது. மந்தமாக ஒலிக்கும் பட்டையும் ஒரே துண்டாலான சக்கரங்கள் வந்தபின் அரிதானது. விட்வொர்த் ஸ்பேனர்களோடு மெட்ரிக் ஸ்பேனர்களும் பெட்டியில் சேர்ந்து, நாளடைவில் அவற்றின் இடத்தையே பிடித்தன. எவ்வளவு முடுக்கவேண்டும் என்பதைக் கைப்பழக்கத்துக்குப் பதிலாக முறுக்குவிசை காட்டும் ஸ்பேனர் சொன்னது.

பாதையில் மாற்றம் இன்னும் ஆழமானது. நார்வேக்காரர் பெர் பாண்டே ரோல்ஃப்சன் 1950களில் வடிவமைத்த வளைந்த உருக்குக் கொக்கி, மரையும் நட்டும் இல்லாமல் தன் வில்விசையாலேயே தண்டவாளத்தை அழுத்திப் பிடிக்கிறது. சுத்தியலால் ஒருமுறை உள்ளே அடித்தால் போதும். அதிர்வு அதை எளிதில் தளர்த்துவதில்லை. இவ்வகைக் கொக்கிகளும் கான்கிரீட் சிலிப்பர்களும் பற்றவைத்து ஒன்றாக்கிய நீண்ட தண்டவாளங்களும் சேர்ந்தபோது, ஆணியும் ஃபிஷ்பிளேட்டும் முதன்மைப் பாதைகளில் பெரிதும் குறைந்தன. 1995இல் மின்சார ரயில் சேவையான கொமூட்டர் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஓடத் தொடங்கியது. அம்பாங்குக்குப் போன பழைய கிளைப் பாதையின் தடத்தில் 1996இல் இலகு ரயில் வந்தது. அதன் வண்டிகள் மஸ்ஜித் இந்தியாவை ஒட்டிய நிலையத்தில் நின்று செல்கின்றன. பிரிக்ஃபீல்ட்ஸில் பெட்டி பிரிக்கும் யார்டு இருந்த நிலத்தில் 2001இல் கே.எல். சென்ட்ரல் திறக்கப்பட்டது.

செந்தூல் பட்டறையின் நிலத்தில் ஒரு பகுதி பூங்காவாகியது. பழைய ரயில்வே கட்டடம் ஒன்று 2005இல் கோலாலம்பூர் நிகழ்த்துகலை மையமாகத் திறக்கப்பட்டது. பெரும் பழுதுபார்ப்பு வேலைகள் பேராக்கிலுள்ள பத்து காஜாவுக்கு இடம்பெயர்ந்தன; அவற்றோடு செந்தூலின் ஃபிட்டர் குடும்பங்களில் பல கலைந்தன. பாதையில் முடுக்கும் வேலை முற்றிலும் மறையவில்லை. தண்டவாளம் கிளை பிரியும் இடங்களில் நகரும் பாகங்கள் போல்ட்டுகளாலேயே பிணைக்கப்பட்டுள்ளன. மின்காப்பு வேண்டிய இணைப்புகளிலும் அப்படியே. கடைசி வண்டி போனபின் முதல் வண்டி வருவதற்குள் கிடைக்கும் சில மணி நேரத்தில், விளக்கும் ஸ்பேனருமாக ஒரு கூட்டம் அந்த இடங்களைச் சோதித்து, தளர்ந்ததை முடுக்கி, பதிவேட்டில் எழுதிவைக்கிறது.